முக்கி வைத்த படகு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படகைத் தண்ணீருக்குள் முக்கியது நாங்களேதான். இந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து யார் வேண்டுமானாலும் ஊரெல்லாம் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒருவன் போட்டுவிட்டான். இப்போது எழுதுவது நான் என்பதால் அடுத்த வரியும் என் கையில்தான் இருக்கிறது.

நான் பிறந்தது ஆட்டையாம்பட்டியில், ஒரு தறிக்காரர் வீட்டில். ஆறு என்றால் பஸ்ஸில் போகும்போது பாலத்தின் மேலிருந்து காசு வீசுகிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கரை ஊர் ஒன்றுக்கு வாக்கப்பட்டுப் போகிறேன், மாப்பிள்ளைக்குப் படகு ஓட்டுகிற தொழில் என்றதும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. "நம்ம பக்கத்துல எங்கீங்க படகு?" என்று கேட்டார்கள். இருக்கிறது. அக்கரைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பால் கேன்காரர்கள், இளம்பிள்ளைச் சேலை மூட்டையோடு ஊர் ஊராக விற்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் போனார்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பாதிநாள் ரோட்டிலேயே போய்விடும். இருபது பேர் உட்காரலாம். மரப்படகு. நிலம் நீச்சு என்று எங்களுக்கு ஒரு செண்டு கிடையாது. அந்தப் படகு ஒன்றுதான் எங்கள் சோறு.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் ஒருநாள், என் வீட்டுக்காரர் படகைத் துறைக்குப் பக்கத்தில் இருக்கிற மடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஆறு வற்றினாலும் அந்த மடுவில் ஆளுயரத் தண்ணீர் கிடக்கும். படகின் மூக்கில் மஞ்சள் தடவினார், சூடம் காட்டினார். அப்புறம் கல்லைத் தூக்கித் தூக்கி உள்ளே அடுக்கினார். குடம் குடமாகத் தண்ணீரை மொண்டு அதற்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தார். நான் கரையில் நின்று, "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சுங்களா?" என்று கத்தினேன். மனிதர் சிரிக்கிறார். படகு குபுகுபுவென்று உள்ளே போய்விட்டது. மூக்கு மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. அதில் கட்டிய கயிற்றைக் கரையில் நின்ற புங்கமரத்தில் முடிந்துவிட்டு வந்தார்.

"வெயில்ல போட்டா பலகை வெடிச்சுப் போயிரும் அம்மிணி. தண்ணிக்குள்ளயே கெடந்தா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மேட்டூரில் தண்ணீரை நிறுத்தியதும் ஆறு முழங்காலுக்கு வந்துவிடும். சனங்கள் நடந்தே அக்கரைக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மூன்று மாதமும் படகு மடுவுக்குள் கிடக்கும். திரும்பவும் தண்ணீர் திறந்துவிடுகிற சமயத்தில் கல்லை எடுத்துவிட்டு, தண்ணீரை இறைத்து, தூக்கி, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து ஓட்ட வேண்டியதுதான். அவருடைய அப்பா அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

என் தம்பிக்கும் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூட லீவுக்கு என் வீட்டுக்கு வந்து, அதே மடுவில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து கல் அடுக்கியவன் அவன்.

இப்போது அவன் சேலத்தில் ஒரு செய்திச் சேனலில் இருக்கிறான். டிவியிலும் வரும், யூடியூப்பிலும் வரும். மூன்று வருடமாக அங்கே கிடந்தும் வேலை நிரந்தரமாகவில்லை என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டே இருப்பான். போன சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வந்தான். கோழிக்குழம்பு வைத்தேன். அவனுக்குப் பிடிக்கும் என்று ஈரலைத் தனியாக எடுத்து வறுத்தேன். தின்றுவிட்டு ஆற்றுப்பக்கம் போனவன் ஓடிவந்தான்.

"அக்கா, படகை முக்கி வெச்சிருக்கீங்கல்ல, அதை ஒரு வீடியோ எடுத்துக்கட்டுங்களா? நம்ம பக்கத்து வழக்கம்னு போட்டா நல்லாருக்கும். நீங்களே பேசுங்க."

நானா? எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டுமே! உள்ளே போய்ப் புதுச்சேலை கட்டிக்கொண்டேன், பூ வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேலி செய்தார்: "பொண்ணு பாக்க வாராங்களா?" அவரையும் பேசச் சொன்னேன். எனக்கு வராது சாமி என்று நழுவிவிட்டார். மடுக்கரையில் நின்று நான்தான் பத்து நிமிடம் பேசினேன். என் தம்பி என்னை டிவியில் காட்டப்போகிறான் என்று வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே பேசினேன்.

நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இந்தப் படகை நாங்களேதாங்க முக்குனோம். வெயில்ல போட்டா பலகை வெடிச்சுப் போயிருமுங்க. வெடிச்ச படகுல ஆளேத்துனா நடு ஆத்துல சனமெல்லாம் முழுகிச் செத்துப் போயிருமுங்க. அதனாலதான் பத்திரமாத் தண்ணிக்குள்ள வெக்கறது."

மறுநாள் காலையில் பால் கேன்காரர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏனுங்கக்கா, என்னங்க இது?" என்று நீட்டினார்.

பார்த்தேன். முதலில் ஆம்புலன்ஸ் சத்தம். எந்த ஊரிலோ எந்த வருடத்திலோ வந்த வெள்ளத்தில் யாரோ அடித்துக்கொண்டு போகிற படம். பிறகு எங்கள் படகின் மூக்கு. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "காவிரியில் மூழ்கிய பயணிகள் படகு! பயணிகளின் நிலை என்ன?" என்று பெரிய எழுத்து, அதையே பதறிப் பதறிப் படிக்கிற ஒரு குரல். பயணிகளின் நிலை என்னவா? அவரவர் வீட்டில் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்! அப்புறம் நான் வந்தேன். புதுச்சேலையும் பூவுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு, "இந்தப் படகை நாங்களேதாங்க முக்குனோம்" என்கிறேன். ஒரு வெட்டு. "நடு ஆத்துல சனமெல்லாம் முழுகிச் செத்துப் போயிருமுங்க" என்கிறேன். கீழே, "சிரித்தபடி பகீர் வாக்குமூலம் அளித்த பெண்."

உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"நான் நல்லாத்தாங்க்கா அனுப்புனேன். ஆபீஸ்ல எடிட் பண்ணிட்டாங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றான்.

நம்பினேன். பாவம், இவன் என்ன செய்வான் என்று அவனுக்குச் சமாதானம் வேறு சொன்னேன். போனை வைத்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பவும் ஓடவிட்டேன். "பயணிகளின் நிலை என்ன?" என்று பதறுகிற குரலைக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது. மூக்கை அடைத்துக்கொண்டு பேசியிருக்கிறான், இழுத்து இழுத்துப் பேசியிருக்கிறான். ஆனால் அது என் தம்பி குரல். என் இடுப்பில் உட்கார்ந்து பேசப் பழகின குரல் எனக்குத் தெரியாதா? மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அன்று முழுக்க எடுக்கவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதை யாரோ வயிற்றெரிச்சலில் சொல்லிவைத்தது என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக் குழம்பின் வாசம் அவன் கையில் இருக்கும்போதே அந்தக் கையால் என் பேச்சை வெட்டியிருக்கிறானே, நாசமாய்ப் போகிறவன்!

மத்தியானத்துக்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. போலீஸ் வந்தது. போர் போடுகிற ரிக் லாரியில் வேலைக்கு வடக்கே போயிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் போன் போட்டு, "எத்தனை பேருங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்கள். யாரும் போகவில்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மற்ற சேனல்காரர்களும் வந்து நின்றார்கள். எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. சும்மா இருந்ததற்கு, "பதில் சொல்ல மறுக்கும் பெண்" என்று போட்டார்கள்.

ஒரு அதிகாரி வந்தார். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி கெட்டவர் இல்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மேல இருந்து கேக்கறாங்க. விசாரணை பண்ணித்தான் ஆகணும். படகை வெளிய எடுத்து வையுங்க" என்றார். ஜேசிபி வந்தது. கல்லை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டுச் சங்கிலி போட்டுப் படகைத் தூக்கி, மணல்மேட்டில் வைத்தது. நிழல் என்று ஒரு செடிகூட இல்லாத இடம். படகு ஓட்டுகிற அனுமதியையும் நிறுத்திவைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கத்திரி வெயில். நான் சாக்குகளை நனைத்துக்கொண்டு போய்ப் படகின் மேல் விரித்தேன். காவலுக்கு இருந்தவர் எடுக்கச் சொன்னார். "விசாரணையில இருக்கற பொருளுங்கம்மா. கை வெக்கக் கூடாது." அப்படியானால் மடுவிலாவது தள்ளிவையுங்கள் என்றேன். முழுகினதை வெளியே எடுத்திருக்கிறோம், திரும்ப முழுக வைக்கச் சொல்கிறீர்களே என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரை என்ன சொல்ல? அவரும் வீடியோ பார்த்தவர்தான்.

தினமும் போய்ப் பார்ப்பேன். முதலில் இடுக்குகள் வாய் திறந்தன. அது பரவாயில்லை, ஊறினால் மூடிக்கொள்ளும். வைகாசியில் பலகையே பிளக்க ஆரம்பித்தது. நடுப்பலகையில் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு நீளமாக ஒரு வெடிப்பு. அந்தப் பிளவில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் அழவில்லை. என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அக்கரைத் தோட்டத்தில் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனார். இத்தனை வருடம் தான் ஏற்றிக்கொண்டு போய் விட்ட ஆட்களோடு வரிசையில் நின்றார்.

அம்மா போன் பண்ணினாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம். "நீ மனசுல வெச்சுக்காத சாமி, அவன் என்ன பண்ணுவான், அவன் பொழப்பு" என்றாள். எங்கள் பிழைப்பு யார் பிழைப்பு என்று கேட்டேன்.

ஆடி பிறந்த பிறகு கடிதம் வந்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை, படகைப் பயன்படுத்தலாம் என்று அரைப்பக்கம். அதை எந்தச் சேனலும் போடவில்லை. ஆற்றில் அதற்குள் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் துறையில் வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் வெடிப்புகளில் தகரம் வைத்து அடித்தார், பஞ்சைத் திணித்தார், குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். நான்கு நாள் அதே வேலை. ஐந்தாம் நாள் காலையில் பத்துப்பேர் பிடித்துத் தள்ளி ஆற்றில் இறக்கினோம். யாரையும் ஏறவிடவில்லை. "ஒருநாள் ஊறட்டுங்க, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிப் புங்கமரத்தில் கட்டினார்.

ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும். தகரம் பிடுங்கிக்கொண்டது. நடுப்பலகை இரண்டாகப் போய்விட்டது. இறைத்தோம், நானும் குடத்தால் இறைத்தேன். நாங்கள் இறைப்பதற்கு மேல் உள்ளே வந்தது. கரையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கட்டின இடத்திலேயே படகு முழுகியது. இந்தத் தடவை நாங்கள் முக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஈரத்தோடு கரையில் உட்கார்ந்தார். மூன்று மாதமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். "உன்ற தம்பியக் கூப்புடு அம்மிணி. இப்ப வந்து வீடியோ எடுக்கச் சொல்லு."

கூப்பிட்டேன். வேறு யார் நம்பரோ என்று நினைத்திருப்பான், பால் கேன்காரர் போன் அது. எடுத்துவிட்டான். நான் திட்டவில்லை. படகு நிஜமாகவே முழுகிவிட்டது, வெயிலில் போட்டதால் வெடித்து முழுகிவிட்டது, அன்றைக்கு நான் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது, வந்து இதையும் போடு என்று சொன்னேன். அவன் நிதானமாக, ஆபீஸ் குரலில் கேட்டான்.

"உள்ள யாராச்சும் இருந்தாங்களாக்கா?"

"இல்லை."

"ஆளில்லாத படகு முழுகுனா அது நியூஸ் இல்லீங்க்கா."

"அன்னிக்கு மட்டும் யார்ரா இருந்தாங்க உள்ள?" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.