டிஸ்க்கில் காணாமல் போன மயில்

போனை எடுத்ததுமே, "சார், மயிலு போச்சு சார்! ஒடனே வாங்க!" என்று கத்தினார் முனிரத்தினம். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். நானோ திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவன். மயிலுக்கு நான் என்ன செய்ய? இருந்தாலும் டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

அவர் மனைவி தேவகி, மகளின் கல்யாணப் புடவைக்காக மூன்று வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு மயில் டிசைன் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை தறியில் ஏற்ற வேண்டும். காலையில் 'சேவ்' கொடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைலின் பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம்.

அது அரதப் பழைய டாஸ் கம்ப்யூட்டர். டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடும் மிஷின் அதோடு மட்டும்தான் ஒத்துப்போகும் என்பதால் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

"மறுபடியும் போட வேண்டியதுதாம்மா," என்றேன்.

தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு மூணு வாரத்துக்கு எங்கண்ணா போறது? கல்யாணமே முடிஞ்சிடும்."

பாவமாக இருந்தது. வந்ததற்கு ஏதாவது செய்வோம் என்று, டிஸ்க்கைச் சோதிக்கும் 'செக் டிஸ்க்' ஓட்டினேன். எந்த ஃபைலிலும் சேராத இடம் இருக்கிறது, அதை ஃபைலாக மாற்றட்டுமா என்று கேட்டது. 'யெஸ்' என்றால் மாற்றும். 'நோ' என்றால் துடைத்து, காலி இடம் என்று எழுதிக்கொள்ளும். அந்தக் காலத்து டிஸ்க் சின்னது. வருகிறவர்கள் எல்லாம் இடம் இல்லை என்றுதான் வருவார்கள். அதனால் நான் எப்போதும் 'நோ'தான். கை தானாக அங்கே போனது.

"அண்ணா, இருங்க! இன்னா கேக்குது அது?" என்றார் தேவகி.

"டிஸ்க்க கட்டம் கட்டமா பிரிச்சி, எது காலின்னு அட்டவணை மாதிரி ஒரு டேபிள் வெச்சிருக்கும்மா. டேபிள்ல பூஜ்யம் இருந்தா அந்தக் கட்டம் காலி. வேற நம்பர் இருந்தா காலியில்ல. இங்க கொஞ்சம் கட்டம் காலியில்லன்னு சொல்லுது. ஆனா எந்த ஃபைலும் அது என்னுதுன்னு சொல்லல. குப்பைதான்."

"எங்க கிராஃப் பேப்பர் மாதிரிதான? கட்டம் காலியில்லன்னா யாரோ வரைஞ்சிகிறாங்க. காலையில நாந்தான வரைஞ்சிகினு இருந்தேன்?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருட சர்வீஸில் இது எனக்குத் தோன்றவில்லையே! 'யெஸ்' கொடுத்தேன். வந்த ஃபைலுக்கு டிசைனின் பெயரை வைத்துத் திறந்தேன். கால் வந்தது, தோகை வந்தது, கழுத்து வந்தது. கொண்டை மட்டும் இல்லை. அதை எழுதுவதற்குள் கரண்ட் போயிருக்கிறது.

"மொட்ட மயிலு! மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வந்துகிது!" என்று முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சும்மா இருங்க பாவா. கொண்டைய மத்தியானத்துக்குள்ள போட்டுடுவேன்," என்று கணவரை அடக்கினார் தேவகி. அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காபி கொடுக்கும்போது தேவகி கேட்டார்: "இதுக்கு மின்ன எத்தினி பேருக்குண்ணா இப்டி 'நோ' குடுத்தீங்க?"

எண்ணிப் பார்த்தேன், கணக்கு நிற்கவில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இடத்தைக் காலி செய்யும் முன், கடைசியாக அதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டிஸ்க்குக்கு உரியவரைக் கேளுங்கள். நான் ஒருவரையும் கேட்டதில்லை.

"நெறைய பேருக்கும்மா," என்றேன். "எடம் கெடச்சிச்சின்னு எல்லாரும் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க."