நெருளிலிருந்து பதில் இல்லை

நெருளில் ஒரு டயாலிசிஸ் கிளினிக். அதன் கம்ப்யூட்டரை நான் செம்பூர் திலக் நகர் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமை அதன் டிஸ்க் சாகக் கிடந்தது. ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது. அதற்குள் நோயாளிகளின் ஆறு வருஷத்து ரிப்போர்ட்டுகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தாக வேண்டும். டாக்டரோ, கட்டடத்தில் வயரிங் வேலை, இரண்டு மணிக்கு மெயினை அணைத்துவிடுவார்கள் என்று சாவதானமாகச் சொன்னார்.

நெட்வொர்க் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி சீரியல் கன்சோல். மெஷினின் முதுகில் ஒரு கேபிள், அதன் மறுமுனையில் சிம் போட்ட சின்னப் பெட்டி, என் லேப்டாப்பில் எழுத்து மட்டும் ஓடும் கறுப்பு ஜன்னல். பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். ஃபைல் பெயர்கள் வரிவரியாக ஓடின. பதினொன்றேகாலுக்கு நின்றுபோயின.

முடிந்துவிட்டதா? நடுவில் செத்துவிட்டதா? என்டர் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் பத்துத் தடவை தட்டினேன். ஜன்னலை மூடித் திறந்தேன், அதே கறுப்பு. பெட்டியோ இணைப்பு நன்றாக இருக்கிறது என்று என் லேப்டாப்பில் பச்சை காட்டியது. அப்புறம் வாயைத் திறக்க என்ன கேடு, சனியனே!

குழப்பம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அங்கே வயரிங் வேலையைப் பார்க்கும் கிளினிக் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு, என் வயதுதான் இருக்கும்.

"கேபிளைத் தொட்டேளா?"

"நான் அந்தப் பக்கமே போவலியே மேடம்."

"பின்னே அது தானா அவுந்துண்டதா? மனுஷா வேலை பண்ற இடத்துலே கண்ட ஒயரையும் இழுத்துண்டு!"

"சத்தியமா தொடல. வேணும்னா பாக்கேன்... டைட்டாத்தான் இருக்கு மேடம்."

பக்கத்தில் டாக்டர் இருந்திருக்கிறார். ரிப்போர்ட் போனால் திங்கட்கிழமையிலிருந்து நீ வரவேண்டாம் என்று இந்தியில் அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாக வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கேபிள் சரி, பெட்டி சரி, மெஷினில் விளக்கும் எரிகிறதாம். எதுவும் கெடவில்லை, ஆனால் எதுவும் நடக்கவில்லை. ஒன்றரை மணிவரை மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் டாக்டருக்கு ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். எலெக்ட்ரீஷியனின் கவனக்குறைவால் என்று ஆரம்பித்து முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததும் என் சுண்டுவிரல் தன்பாட்டுக்குக் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியது.

மாட்டுங்காவில் டைப்பிஸ்டாக இருந்தபோது கரண்ட் போய் ஒரு நாள் முழுக்க அடித்தது பறந்துவிட்டது. அன்றிலிருந்து நாலு வரிக்கு ஒருதரம் சேவ் செய்யாவிட்டால் என் கைக்கு ஆகாது. ஆனால் கறுப்பு ஜன்னலில் அதே கன்ட்ரோல்-எஸ் சேவ் இல்லை. பேச்சை நிறுத்து என்று உத்தரவு. புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினொன்றேகாலுக்கு அங்கேயும் இதே விரல் இதையேதான் அழுத்தியிருக்கிறது.

அட ராமா!

மறுபடி பேசு என்று சொல்லும் கன்ட்ரோல்-க்யூவை அழுத்தினேன். பெயர்கள் மளமளவென்று கொட்டின, பதினொன்றேகாலுக்கு நின்ற இடத்திலிருந்து. பெயரைச் சொல்ல விடாததால் மெஷின் நகலெடுப்பதையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேர வேலை. கையில் இருந்தது இருபது நிமிஷம்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"நாலு மணிவரைக்கும் மெயினை அணைக்காம இருக்க முடியுமா?"

"ஆளுங்க வந்து நிக்காங்க மேடம். என்ன கோளாறு?"

மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"என் கைதான். தப்பான பட்டனை அமுக்கிட்டேன். கேபிள்லே ஒண்ணுமில்லே."



"எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? இந்தா, டாக்டரம்மாட்ட சொல்லுங்க."

நான் தயாராவதற்குள் போன் கைமாறிவிட்டது. சொன்னேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், முகம் எரிந்தது. டாக்டர் "அச்சா" என்று மட்டும் சொன்னார். போன் மறுபடி எலெக்ட்ரீஷியன் கைக்குப் போனதும், "ஏல, எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வாங்கல" என்று அவர் ஆட்களிடம் கத்துவது கேட்டது.

மூன்று ஐம்பதுக்கு நகல் முடிந்தது. அவருக்குப் போன் செய்து தேங்க்ஸ் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் போனை எடுத்தேன். அது மட்டும் வாயில் வரவில்லை.