ஏணைக்கருகே ஒரு போர் முழக்கம்

எங்கள் ஊரில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற ஊர் அது. வயல் வட்டையில் ஒரு வரம்பில் நிற்பவர் நாலு வரம்பு தள்ளி நிற்பவரிடம் வெற்றிலை கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில், வீட்டுக்குள் பக்கத்துப் பாயில் இருப்பவரிடமும் அதே குரலில்தான் கேட்போம். போதாததற்கு யானை வேறு. வெள்ளாமை கதிர் தள்ளியதும் காவல் பரணில் ஏறி இருந்து கத்துவது என் பொறுப்பு. "இவன் கத்தினா யானை வெடி மிச்சம்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிவார். என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

அந்தக் குரலால்தான் பள்ளிக்கூட நாடகங்களில் எனக்கு எப்போதும் அரசன் வேடம் கிடைத்தது. நடிப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லை. மைக் பழுதானாலும் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும் என்று கொடுத்தார்கள். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படித்து, பெறுபேறும் நன்றாக வந்து, பல்கலைக்கழகத்திலும் அதையே படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா, "கூத்தாடுறத்துக்கும் கெம்பசாடா?" என்றார். சேருவதற்கு முன் ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு, நடுவர்களுக்கு முன்னால் நடித்துக் காட்ட வேண்டும் என்றதும் அவர் முகம் தெளிந்தது. நான் தோற்பதற்கும் ஒரு வழி இருக்கிறதென்று கண்டுகொண்டார்.

"ஒருக்காப் போய்ப் பாரு. சரிவராட்டி மாமாட மகனோட கட்டாருக்குப் போ. அவன் ஆள் கேட்டிரிக்கான்."

கட்டாருக்குப் போவதில் குறையொன்றும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளின் கூரை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எனக்கு நடிக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அந்தப் பிடிவாதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கிறது.

பரீட்சை மட்டக்களப்பு நகரில். யானை வராத இடத்தில்தான் மகளுக்கு வீடு என்று சபதம் எடுத்த அப்பா, நகருக்குக் கிட்ட வாவிக் கரையில் அக்காவுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அங்கே நின்ற அம்மா வெள்ளாமை வெட்டுக்கு ஊர் திரும்ப, அவர் இடத்துக்கு நான் போனேன். அக்காவுக்குக் கையுதவிக்கு ஆள், எனக்கு ஒத்திகைக்கு இடம் என்று எல்லோருக்கும் திருப்தி. அந்த வீட்டில் சத்தமே தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அம்மா எனக்குச் சொல்லவில்லை.

அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, அப்போது இரண்டு மாதம். பகலில் தூங்க மாட்டாள். தூங்கினாலும் அடுத்த வளவில் கோழி செருமினால் விழிப்பாள். அக்கா பிரஷர் குக்கரை அலுமாரியின் மேல் ஏற்றி வைத்துவிட்டாள். அவள் கணவர், என் அத்தான், வேலை முடிந்து வரும்போது சந்தியிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வீடு வரை உருட்டிக்கொண்டு வருவார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோவை அக்கா ஒழுங்கை முனையிலேயே மறித்துப் பாட்டை நிறுத்த வைப்பாள். வீட்டைக் கடந்த பிறகுதான் அது பாடலாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் வாசல் படலையில் நின்று, "அக்கோய்!" என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டேன். உள்ளேயிருந்து முதலில் வீறிட்ட அழுகை வந்தது. பிறகு அக்கா வந்தாள்.

"இப்பதான்டா கண்ண மூடினவள்" என்றாள், விரலை உதட்டுக்குக் குறுக்கே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

பரீட்சைக்கு நான் ஆயத்தம் செய்தது நானே எழுதிய ஓர் அரசனின் பேச்சு. பகைவர் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது, வீரர்கள் அசந்து தூங்குகிறார்கள், அரசன் அவர்களை எழுப்புகிறான். "எழுந்திருங்கள் வீரர்களே! பகைவன் வாசலில் நிற்கிறான், உங்களுக்கு இன்னும் உறக்கமா?" என்று தொடங்கும். என் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த பேச்சு. அக்கா முதல் வரியைக் கேட்டதுமே கையை உயர்த்தினாள்.

"இத இந்த வீட்டுக்குள்ள சத்தமாச் சொன்னியெண்டா, உன்ன நான் யானைக்கே குடுத்திருவன்."

அத்தான் என்னை இரக்கத்துடன் பார்த்தார். "மச்சான், ஆத்தங்கரைக்குப் போ. அங்க ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்று காதுக்குள் சொன்னார். வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். மறுநாள் காலையில் போய்க் கண்டல் மரங்களுக்கு நடுவே நின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து முழங்கினேன். "எழுந்திருங்கள் வீரர்களே!"

வீரர்கள் எழுந்தே விட்டார்கள். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த இரண்டு தோணிகள் திரும்பி, நீரைக் கிழித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தன. முன் தோணியில் நின்றவர் கையில் சவள்தடியை ஓங்கிப் பிடித்திருந்தார்.

"எங்க மனே முதலை? ஆரப் புடிச்சிற்று?"

"முதலை இல்ல. நான்... அரசன்."

அவர் பின் தோணிக்காரரைப் பார்த்தார். பின் தோணிக்காரர் என்னைப் பார்த்தார்.

"அரசனெண்டா அரண்மனைல கத்தணும். இருந்த மீனெல்லாம் இப்ப அந்தக் கரைக்குப் போயிரிக்கும்."

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. உன் தம்பிக்குத் தலையில ஏதும் வருத்தமா புள்ள என்று இரண்டு பேர் அக்காவிடம் விசாரித்தார்களாம். அன்றோடு ஆற்றங்கரையும் மூடப்பட்டது.

மிஞ்சியது முணுமுணுப்புத்தான். ஒரு மத்தியானம் அக்கா குளிக்கப் போக, அழுதுகொண்டிருந்த பிள்ளையின் ஏணையை என்னிடம் விட்டுப் போனாள். தாலாட்டு எனக்குத் தெரியாது. தெரிந்ததோ ஒரு பேச்சுத்தான். இடது கையால் சேலை ஏணையை ஆட்டிக்கொண்டே, குரலே எழாமல், மூச்சாலேயே சொன்னேன்: "எழுந்திருங்கள் வீரர்களே..." அழுகை நின்றது. என் வாயையே பார்த்தாள். "இன்னும் உறக்கமா?" என்று நான் கேட்ட இடத்தில் மருமகள் கண்ணை மூடினாள்.

குளித்து வந்த அக்கா ஏணைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. பிள்ளை சிணுங்கினால், "டேய், வீரர்களே சொல்லு வா" என்று கூப்பிடுவாள். இது போருக்கு எழுப்புகிற பேச்சு அக்கா என்றால், "எதெண்டாலும் சரி, நித்திரையாகுறாள்தானே" என்பாள். மருமகள் லேசுப்பட்ட ரசிகை இல்லை. ஒரு சொல்லை விழுங்கினால் கண்ணைத் திறப்பாள். அவசரப்பட்டால் உதட்டைப் பிதுக்குவாள். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதெல்லாம் அவள் வைத்த சட்டம். எனக்கோ உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. யானையைத் திருப்பிய தொண்டை இப்படித் துருப்பிடிக்கிறதே என்று அத்தானிடம் புலம்பினேன். அவர் அதையும் மெதுவாகப் புலம்பச் சொன்னார்.

பரீட்சை நாளன்று அத்தான் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே முற்றமெல்லாம் கூச்சல். ஒருத்தி தூணைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். ஒருவன் வேப்ப மரத்தடியில் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இங்கே அக்கா இல்லை, பிள்ளை இல்லை, கூரை பறக்கக் கத்தலாம்! கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

என் முறை சாப்பாட்டு நேரம் கழிந்து வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர். கைகளை வயிற்றில் கோத்து, நாடி நெஞ்சில் படிய, வாய் இலேசாகத் திறந்தபடி இருந்தார். கண் மூடியிருந்தது. நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஏணைக்குள் பார்க்கிற அதே முகம்.

அவ்வளவுதான். இழுத்த மூச்சு முழக்கமாக வரவில்லை. "எழுந்திருங்கள் வீரர்களே" என்று, நித்திரை கலையாமல், பக்குவமாக வந்தது. ஐயோ என்று மனம் கத்தியது, வாய் கேட்கவில்லை. குரலை உயர்த்தப் பார்த்தேன், மனக்கண்ணில் அக்காவின் விரல் உதட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. கட்டாருக்குப் போகிற விமானம் கண்ணுக்குத் தெரிந்தது. இடமும் வலமும் இருந்த இருவரும் முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரி வரை அப்படியே சொல்லி முடித்தேன்.

வலப்பக்கம் இருந்த பெண் விரிவுரையாளர்தான் தொடங்கினார். "பகைவன் வாசலில நிக்கிறான். கத்தினா அவனுக்குக் கேட்டிரும். அதுதான் மெதுவா எழுப்பினீங்க, என்ன?"

அப்படியொரு விஷயம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ஓம் மிஸ்" என்று, பல நாள் யோசித்தவன்போலத் தலையாட்டினேன்.

"அது சரி, அந்த இடது கை என்னத்தச் செஞ்சது?" நடுவில் இருந்தவர் கேட்டார். அவர் கண் எப்போது திறந்தது என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். என் இடது கை இன்னும் காற்றில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"ஏணை ஆட்டுது, சேர்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பு வெளியே செத்துக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும், எப்பிடிடா என்றாள் அக்கா. "தாலாட்டிற்று வந்திரிக்கன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அதையும் தலையணைக்குள்தான் அழ முடிந்தது.

ஊருக்கு உடனே திரும்பவில்லை. மருமகள் விடவில்லை என்பது ஒன்று, அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பது இன்னொன்று. ஒரு மத்தியானம் ஏணைப் பக்கத்தில் இருந்தபோது முடிவு என் கைபேசிக்கு வந்தது. மூன்று முறை படித்தேன். எழுந்து அக்காவிடம் போவதற்குள் அப்பா அழைத்துவிட்டார்.

"என்னடா, முடிவு வந்திற்றாம்?" அப்பாவின் குரலுக்குக் கைபேசி தேவையில்லை. "கட்டார்க்காரன் பதில் கேக்கிறான்!"

பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். "கெடச்சிற்றுப்பா" என்றேன், மூச்சால்.

"ஒண்டும் கேக்கல்ல. சத்தமாச் சொல்லு!"

மறுபடியும் மூச்சால் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவன் குரல் இறங்கினால் அது கெட்ட செய்திதான். "சரி மனே" என்றார் அப்பா. "பரவாயில்ல. நீ கவலப்படாத. அவங்களுக்கு உன்ட அரும தெரியா." அந்தக் குரலில் ஜெயித்த மனிதர் இல்லை. நான் தோற்பதற்குக் காத்திருந்தவர் என்று இவ்வளவு நாளும் நான் நினைத்திருந்தவருக்கு என்னைவிட வலித்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா! கெடச்சிற்று! எனக்கு இடம் கெடச்சிற்று!"

அது பரணில் இருந்து கத்துகிற குரல். ஏணை துள்ளியது, பிள்ளை வீறிட்டாள். குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்த அக்காவின் விரல் உதட்டுக்குப் பாதி தூரம் போனது. என் முகத்தைப் பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டாள், பாருங்கள்! பாண் ஓட்டோவை ஊமையாக்கிய அதே அக்கா. என்ன நல்ல காரியம் என்று தெரியாமலே பக்கத்து வீட்டுப் பெண்கள் பதில் குரவை போட்டார்கள். அதற்கு ஒழுங்கை முனையிலிருந்து இன்னொன்று எழுந்தது.

கைபேசியில் அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"என்னப்பா? சத்தமாச் சொல்லுங்க!"

குரவை அடங்கும் வரை பொறுத்து, அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, மெதுவாகப் பேசினார்.

"கத்தாதடா. புள்ள எழும்பியிற்று."