ரெண்டு வயசு, எட்டு மாசம், பதினொரு நாள்

மூண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஒக்டோபர் மாசம், லண்டன் நோர்பரியில தொடங்கினது இது. இதில ஆரின்ர பேரையும் நான் எழுதேல்லை, என்ர பேரையும் சேர்த்துத்தான். ஏனெண்டு வாசிச்சு முடிக்கேக்க உங்களுக்கே விளங்கும்.

வயசான ஆக்களின்ர வீடுகளுக்குப் போய் அவையைப் பாக்கிறதுதான் என்ர வேலை. தோர்ண்டன் ஹீத்தில இருந்து காலமை 109 பஸ் பிடிச்சுப் போனா, முதல் வீடு ஒரு அமெரிக்க மனுசியின்ர வீடு. அயோவா எண்ட மாநிலத்தில பிறந்து, இங்கிலீஷ்காரன் ஒருத்தரைக் கலியாணம் கட்டி, இஞ்ச வந்து அறுபது வருஷத்துக்கு மேல. புருஷன் காலமாகிட்டார், மகன் ஸ்கொட்லாந்தில. அவவுக்கு எண்பத்தொன்பது வயசு. கண்பார்வை நடுவில அழிஞ்சு போய், ஓரத்தால மட்டும்தான் தெரியும். இதயமும் களைச்சுப் போச்சு, கனகாலம் தாங்காது எண்டு டொக்டர் சொல்லியிருந்தவர். வாய் மட்டும் களைக்கேல்லை. என்ர வாய்க்கு ஏத்த வாய் அது. கஞ்சி மாதிரி ஓட்ஸ் காய்ச்சிக் குடுத்து, மருந்து குடுத்து, உடுப்பு மாத்திறதுக்குள்ள ரெண்டு பேரும் உலகம் முழுக்கச் சுத்தி வந்திடுவம்.

ஒருநாள் ஒரு பிஸ்கட் தகரப் பேணியை எடுக்கச் சொன்னா. உள்ளுக்கு ஒரு பழைய கடிதம். அவவின்ர பூட்டனின்ர தாய், அயோவாவில ஒரு தோட்டத்தில இருந்து, ஒஹாயோவில இருந்த தன்ர அக்காவுக்கு எழுதினது. நூற்று அறுபது வருஷப் பழசு. வெயில், சோளம், மாடு செத்தது எல்லாம் எழுதி, கடைசியில நாலு வரி: சின்னவளுக்குக் காய்ச்சல், பத்து நாளாச்சு, இன்னும் விடேல்லை, கண் முழிச்சால் என்னைத்தான் தேடுறாள் எண்டு. அதோட சரி. அந்த அக்காவிட்ட இருந்து பிறகு திரும்பி வந்தது இது ஒண்டுதானாம், அடுத்த கடிதம் இல்லை.

இவ தனிப் பிள்ளையாம். சின்ன வயசில தாய் இந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்ட, அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையைத்தான் இவ கற்பனையில விளையாட்டுக்குச் சேர்த்தவவாம். பிறகு அவளுக்கு என்ன நடந்தது எண்டு எண்பது வருஷமா யோசிச்சுக்கொண்டே இருந்திருக்கிறா. "சாகிறதுக்கு முதல் எனக்கு இது ஒண்டு தெரிஞ்சாப் போதும். அவள் தப்பினவளோ இல்லையோ?" எண்டு கேட்டா. ஒரு கிழவி இப்பிடிக் கேட்டா, ஏலாது எண்டு சொல்ல வாய் வருமே?

எங்கட லைப்ரரியில பழைய பதிவுகளை இலவசமாக் கொம்பியூட்டரில பாக்கலாம். எனக்குப் புதன்கிழமை லீவு. போய்க் குந்தினன். அமெரிக்காவில பத்து வருஷத்துக்கு ஒருக்கா குடிசன மதிப்பு எடுத்தவை. ஒவ்வொரு வீட்டிலயும் ஆர் ஆர், என்ன வயசு எண்டு கையால எழுதியிருக்கினம். கறையான் ஊர்ந்த மாதிரி எழுத்து. மூண்டு புதன் போச்சு. நாலாவது புதன் அந்தக் குடும்பத்தைப் பிடிச்சிட்டன். தகப்பன், தாய், ரெண்டு பொடியன்கள், கடைசியா ஒரு வயசில அந்தப் பெட்டை.

உடன பத்து வருஷம் கழிச்சு எடுத்த பதிவுக்கு ஓடினன். அதே வீடு. அதே தகப்பன், தாய், பொடியன்கள். கடைசியா அதே பேரில ஒரு பெட்டை! லைப்ரரி எண்டும் பாக்காமல் "அப்பாடா!" எண்டு கத்திப்போட்டன். பக்கத்தில பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்த மனுசன் என்னை ஒரு முறை முறைச்சார்.

ஒரேயொரு பிசகு. அவளுக்குப் பதினொண்டு இருக்க வேணும். ஏழு எண்டு எழுதியிருந்தது. அண்ணன்மாருக்கு வயசு சரியாப் பத்துக் கூடியிருக்கு, இவளுக்கு மட்டும் ஆறு. வேற ஆரும் எண்டால் அந்த இடத்தில நிண்டு யோசிச்சிருப்பினம். நான் யோசிக்கேல்லை. பேப்பரில இருக்கிற வயசை நம்புற சாதி இல்லை நாங்கள். இலங்கைச் சண்டைக்குள்ள இருந்து என்ர வயசில தப்பி வந்த ஆக்களில எத்தினை பேருக்குப் பேப்பர் வயசும் உண்மை வயசும் ஒண்டு? எனக்கே பேப்பரில ரெண்டு வயசு கூட. ஒருத்தருக்கு அஞ்சு வயசு குறைய, இன்னொருத்தர் தம்பியை விட இளையவர். எழுத வந்த கிளாக்கர் பிழையா எழுதியிருப்பான் எண்டு அந்த நாலு வருஷத்தையும் ஒரு ஊது ஊதித் தள்ளிப்போட்டன்.

அடுத்தநாள் காலமை கதவைத் திறக்கும்போதே, "தப்பீட்டாள்!" எண்டு சொல்லிக்கொண்டுதான் போனன். மனுசி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினா. பிறகு சிரிச்சா, அழுதா, கிறிஸ்மஸுக்கு எண்டு வைச்சிருந்த பிஸ்கட் பெட்டியை உடைக்கச் சொன்னா, மகனுக்குப் போன் போடச் சொன்னா. எனக்குத் தலைகால் தெரியேல்லை. பெரிய கெட்டிக்காரி எண்ட நினைப்பு.

அதோட விட்டாவோ? "அப்ப அவள் கலியாணம் கட்டியிருப்பாள், பிள்ளைகள் பெத்திருப்பாள். அந்தப் பரம்பரையில இப்பவும் ஆரும் இருப்பினம். தேடு, நான் அவைக்குக் கடிதம் எழுத வேணும்" எண்டா. அந்த ஊரில பழைய பதிவுகளைப் பாக்கிற தொண்டர்கள் சிலர் இருக்கினம். அவைக்கு ஒரு ஈமெயில் போட்டன்.

பத்து நாளில மறுமொழி வந்தது. ஒரு படமும் வந்தது. புல்லுக்குள்ள சரிஞ்ச ஒரு சின்னக் கல். அதில அந்தப் பேர். கீழ, ரெண்டு வயசு, எட்டு மாசம், பதினொரு நாள் எண்டு வெட்டியிருந்தது.

அந்தக் காலத்தில அப்பிடித்தானாம், வயசை நாள்கணக்கில வெட்டுவினமாம். அடுத்த வருஷம் ஒரு பெட்டை பிறக்க, செத்த பிள்ளையின்ர பேரையே அதுக்கும் வைச்சிருக்கினம். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில இருக்காம். அதுவும் அங்க வழக்கமாம். நான் கண்டுபிடிச்ச அந்த ஏழு வயசுக்காறி ரெண்டாவது பிள்ளை. வயசைச் சரியாத்தான் எழுதியிருக்கிறான் கிளாக்கர். பிழை விட்டது நான்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு ஒன்பது நாள் திரிஞ்சன். நான் போற நேரமெல்லாம் மனுசி, "மறுமொழி வந்ததோ?" எண்டு கேக்கும். நான் "இன்னும் இல்லை" எண்டு பச்சைப் பொய் சொல்லுவன். வீட்டில இவருக்குச் சொன்னன். "இஞ்சரும், சாகப்போற மனுசிக்கு இதைப் போய்ச் சொல்லப்போறீரோ? சந்தோஷமாப் போகட்டும், விடும்" எண்டார். அவர் சொன்னதிலயும் நியாயம் இருந்தது. ஆனா என்னால விட ஏலாமல் போச்சு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எனக்கு ஒரு அக்கா இருந்தவ. என்னை விட ரெண்டு வயசு மூப்பு. ஊரில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கேக்க அவவுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டர் இல்லை, மருந்து இல்லை. அஞ்சாம் நாள் செத்துப்போனா. அந்த நேரம் ஆர் போய்ச் சாவைப் பதியிறது? பதிவுக் கந்தோரே இல்லை. பிறகு என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப வெளிக்கிட்டால், என்ர பிறப்புப் பத்திரம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அம்மாவின்ர பைக்குள்ள அக்காவின்ர பத்திரம்தான் இருந்தது. அம்மா கன நேரம் அதை மடியில வைச்சுக்கொண்டு இருந்தா. பிறகு, "அக்காவின்ரதைக் கொண்டு போ பிள்ளை" எண்டு தந்தா.

அண்டையில இருந்து நான் அக்கா. பதிவின்படி பாத்தா அக்கா சாகவே இல்லை. தோர்ண்டன் ஹீத்தில இருக்கிறா, ஷிப்டுக்குப் போறா, கவுன்சில் கடிதமெல்லாம் அவவின்ர பேருக்குத்தான் வருது. என்ர பிள்ளைகள் எனக்குக் கேக் வெட்டுறதும் அவ பிறந்த தேதியிலதான். என்ர சொந்தப் பேர் ஒரு கடதாசியிலயும் இல்லை. இவருக்கு நான் "இஞ்சரும்". பிள்ளைகளுக்கு அம்மா. கனடாவில இருக்கிற தம்பிக்கு அக்கா. அம்மா இருக்குமட்டும் போனில அம்மா கூப்பிட்டவ. அம்மாவும் போனாப் பிறகு அந்தப் பேரைச் சொல்ல ஆரும் இல்லை.

பத்தாம் நாள் பஸ்ஸுக்குள்ள இருக்கேக்கதான் நெஞ்சில அடிச்ச மாதிரி விளங்கிச்சு. அக்காவுக்குச் செய்ததையே அந்தக் குழந்தைக்கும் செய்துபோட்டன். செத்த பிள்ளையைப் பேப்பரில உயிரோட வைச்சிருக்கிறன். தாய் நாளை எண்ணி வெட்டி வைச்ச கல்லை நான் அழிக்கிறன். அப்பவே முடிவு எடுத்திட்டன்.

தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டுப் பக்கத்தில இருந்து சொன்னன். "நான் பிழை விட்டிட்டன். அவள் தப்பேல்லை." மனுசி கோப்பையைக் கீழ வைச்சா. படத்தைக் கேட்டா. கண் தெரியாது, விரலால தடவிக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு?" எண்டா. வாசிச்சன், அதே பேரில பிறகு பிறந்த ரெண்டாவது பிள்ளையைப் பற்றியும் சொன்னன்.

"பதினொரு நாளோ? தாய் எண்ணியிருக்கிறா" எண்டா. என்னை ஏசுவா எண்டு பாத்தன். ஏசேல்லை. அது ஏசினதை விட வலிச்சது. பிறகு மெல்லக் கேட்டா, "அந்த ரெண்டாவது பிள்ளை பாவம், என்ன? தாய் கூப்பிடேக்க, கூப்பிடுறது தன்னையோ அக்காவையோ எண்டு யோசிச்சிருக்கும்."

அவ்வளவுதான். நான் ஓவெண்டு அழுதிட்டன். பாக்க வந்த நான் அழ, படுக்கையில இருக்கிற மனுசி என்ர முதுகைத் தடவுது. லண்டனில புருஷனைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லாத கதை முழுக்க அவவுக்குச் சொன்னன். எல்லாம் கேட்டிட்டு, "அக்காவுக்கு என்ன வயசு?" எண்டா.

"பதினெட்டு."

"பதினெட்டும், எத்தினை மாசமும் நாளும்?"

எனக்குத் தெரியேல்லை. அக்கா பிறந்த தேதி எனக்குத் தண்ணிபட்ட பாடு, எல்லாப் போமிலயும் முப்பது வருஷமா நான் எழுதிறது அதைத்தானே. செத்த தேதியும் தெரியும். ரெண்டையும் சேர்த்து ஒருநாளும் எண்ணிப் பாத்ததில்லை. அவவின்ர கட்டிலில இருந்து விரல் விட்டு எண்ணினன். பதினெட்டு வயசு, மூண்டு மாசம், ரெண்டு நாள். தான் எழுதிற தடிச்ச கறுத்தப் பேனையை எடுத்துத் தந்து, கல்லுப் படத்துக்குப் பின்பக்கம் அதை எழுதச் சொன்னா. "உன்ர பாஷையில எழுது" எண்டா. அக்காவின்ர பேரையும் போட்டு எழுதினன். அதைக் கடிதத்தோட பேணிக்குள்ள வைக்கச் சொன்னா.

பிறகு, "உன்ர பேர் என்ன?" எண்டு கேட்டா. சொன்னன். அந்த நாக்குக்கு அது லேசில வரேல்லை. நாலு தரம் சொல்லிச் சொல்லிப் பழகினா. அண்டையில இருந்து நான் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டவுடன, அறைக்குள்ள இருந்து அந்தப் பேரைத்தான் கூப்பிடுவா. கடைசி எழுத்தை ஒவ்வொரு நாளும் கொலை செய்வா. நான் வேணுமெண்டே செருப்பைக் கழட்டிக்கொண்டு நிப்பன், இன்னொருக்காக் கூப்பிடட்டும் எண்டு.

பெப்ரவரியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். திரும்பி வரேல்லை. செத்த வீட்டில மகன் எனக்கு நன்றி சொல்லேக்க அக்காவின்ர பேரைச் சொல்லித்தான் சொன்னார். நான் தலையாட்டினன். வேறென்ன செய்யிறது?

ரெண்டு கிழமை கழிச்சு, வீட்டை ஒதுக்கேக்க என்னைக் கூப்பிட்டு அந்தக் கல்லுப் படத்தைத் தந்தார். "பின்னால இருக்கிறது உங்கட எழுத்தோ? என்ன எழுதியிருக்கு?" எண்டு கேட்டார். "ஒரு பிள்ளையின்ர வயசு" எண்டு மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தன்.

அக்கா செத்தவ எண்டதுக்கு இந்த உலகத்தில இருக்கிற ஒரே பதிவு அதுதான். இப்ப அது என்ர பாஸ்போட்டுக்குள்ள இருக்கு, அவவின்ர பேர் அடிச்ச பக்கத்தில. நோர்பரிப் பக்கம் வேற வீடுகளுக்கு இப்பவும் போறன். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தவுடன என்னையறியாமல் ஒரு நிமிஷம் நிண்டு காது குடுக்கிறன். ஒருத்தரும் கூப்பிடுறதில்லை. போனது நான், அக்கா இல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். அவவுக்காக அழத் தொடங்கவே எனக்கு முப்பது வருஷமும், அயோவாவில ஒரு தாய் எண்ணி வைச்ச அந்தப் பதினொரு நாளும் தேவைப்பட்டது.