கடல் இல்லாத ஒரு புத்தகம்

இந்த ஊரில் பேசுவது என்றால் கதைப்பது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன், இது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும், எங்கள் அகதி முகாமுக்கு வந்துபோகும் தொண்டு நிறுவனத்துப் பெண் மேரி வாசலில் நின்று, “அக்கா, சார் உங்ககிட்ட பேசணுமாம், ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போங்க” என்றபோது, நான் என்ன பிழை விட்டேன் என்றுதான் மனம் முதலில் தேடியது. சேலையை மாற்றிக்கொண்டு, ஏச்சு வாங்கப் போகிறவளின் நடையோடு போனேன். அங்கே கதிரை போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். முகாமில் பிள்ளைகள் மாலையில் படிக்கும் அறைக்கு இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வாங்கித் தரப் போகிறார்களாம். “நீங்க சிலோன்ல லைப்ரரில வேலை பார்த்தீங்களாமே. எல்லா வயசுக்காரங்களுக்கும், அவங்கவங்க விருப்பத்துக்கு ஏத்த மாதிரி நீங்களே பார்த்து எடுத்துக் குடுங்க” என்றார் அந்த அதிகாரி. நான் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில்தான், எவ்வளவு பெரிய காரியத்துக்குத் தலையாட்டிவிட்டேன் என்பது உறைத்தது.

ஊரில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் இதை வாசிக்கிற உங்களுக்குக் கும்மிடிப்பூண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்திராது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை முட்டிக்கொண்டு கிடக்கிற ஊர். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை எந்நேரமும் இருக்கும். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். முன்பு வயலில் கூலிக்குப் போன இந்த ஊர்ச் சனம் இப்போது சீருடை போட்டு ஆலைக்குள் போகிறது. எங்கள் ஆண்கள் அதே ஆலைகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். என் கணவரும் அதே வேலைதான். மூங்கில் சாரம் கட்டி ஏறினால் எங்கள் முகாமின் கூரைகள் தெரியும் என்பார்.

மூதூரில் ஒரு சிறிய நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே புத்தகம் தெரிவு செய்வது எனக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. வாசலுக்குள் ஒருவர் நுழையும்போதே அவருக்கு எது பிடிக்கும் என்று கை போய்விடும். இது என் கெட்டித்தனம் என்று அப்போது நினைத்தேன். அப்படியல்ல என்று இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. அந்த மனிதரின் நாளைய நாள் எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கமக்காரர் மாரியில் விதைப்பார். மாணவி மார்கழியில் சோதனை எழுதுவாள். கலியாணம் பேசியிருக்கும் பெண் சமையல் குறிப்புப் புத்தகத்தை வெட்கத்தோடு கேட்பாள். ஒருவருடைய நாளை தெரிந்தால் அவருக்கான புத்தகமும் தெரியும். முகாமில் யாருடைய நாளை எனக்குத் தெரியும்?

ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்டேன். முதலில் வேலாயுதம் ஐயா. ஊரில் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தவர். எழுபது வயதுக்கு மேல். “மிளகாய்ச் செய்கை பற்றி ஒரு புத்தகம் பாரும் பிள்ளை. எழுத்துப் பெரிசா இருக்கோணும்” என்றார்.

“இங்க எங்க ஐயா தோட்டம் செய்யப்போறியள்?”

“இங்க செய்யிறதுக்கு இல்லை. மறந்துபோடுவன் எண்டு பயமாக் கிடக்கு.”

பெயின்ட் வேலைக்குப் போகும் சுதன், ஆங்கிலம் கதைக்கப் பழகும் புத்தகம் கேட்டான். ஏன் என்று கேட்டேன். “எங்க போனாலும் உதவும்தானே அக்கா” என்று சிரித்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. முகாமில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

என் மகள் மது பத்தாம் வகுப்பு. முகாமிலேயே பிறந்தவள். வீட்டுக்குள் எங்கள் தமிழும் வெளியில் இந்த ஊர்த் தமிழும் அவளுக்கு இரண்டு செருப்பு மாதிரி, வாசலில் மாற்றிக்கொள்வாள். அவளுக்கு அறிவியல் கைடு வேண்டுமாம். எங்கள் நாட்டைப் பற்றிய புத்தகம் ஏதாவது எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எங்கட நாடு எண்டு எதைச் சொல்றீங்க அம்மா?”

குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழும்பிப் போனேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவளுக்கு எந்தக் கல்லூரிக் கதவு திறக்கும், எது திறக்காது என்று எங்களுக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவளோ மனிதக் கண்ணின் படத்தைப் பாகம் பிரித்துக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாகத் தவமணியிடம் போனேன். ஊரில் சண்டை மறுபடி மூண்டபோது புதிதாக வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கணவன் முன்பே இல்லை. மன்னாரில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு படகேறினாள். படகுக்காரர்கள் கரைவரை வராமல், இடுப்பளவு தண்ணீர்தான் என்று சொல்லி நடுக்கடல் மணல்திட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். சின்னவள் பிரியாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயது ரூபனைக் கையில் பிடித்திருந்தாள். அலை வந்தது. பிறகு அவள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. அதே படகில் வந்த இன்னொரு பெண்தான் சொன்னாள். ஆறு வயதுப் பிரியா அன்றுமுதல் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள்.

தவமணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “இவளுக்குப் படம் போட்ட புத்தகம் ஏதும் வாங்குங்கோ அக்கா” என்றாள். பிறகு நிமிராமலே, “கடல் இல்லாததா வாங்குங்கோ” என்றாள்.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். கலெக்டர் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு கடைவீதிக்கு வந்தேன். தொண்டு நிறுவனம் சொல்லிவைத்திருந்த புத்தகக்கடையை நடத்துகிறவர் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்தவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலாயுதம் ஐயாவின் புத்தகமும், சுதனின் புத்தகமும், மதுவின் கைடும், பெண்களுக்கான குடும்ப நாவல்களும், சமையல் புத்தகமும் ஒவ்வொன்றாக மேசையில் ஏறின. கடைசியில் சொன்னேன்.

“சின்னப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேணும். கடல் இல்லாதது.”

வாசலில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவருக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். “கடலா? கீதே!” என்று உள்ளே போய் ஒரு அட்லஸைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். இரண்டு பக்கம் முழுவதும் நீலம். அதற்கு நடுவே எங்கள் தீவு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் நாட்டைக் கடல் இல்லாமல் எவராலும் வரைய முடியாது என்பது, சின்ன வகுப்பிலேயே படித்ததுதான், அப்போது புதிதாகத் தெரிந்ததுபோல வலித்தது.

“இன்னாமா, இது இல்லியா?” என்றார்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் அட்லஸை மூடவில்லை. முடித்ததும் மெதுவாக மூடி ஓரமாக வைத்தார். பிறகு கடையில் இருந்த குழந்தைப் புத்தகங்கள் அத்தனையையும் இறக்கினார். இருவரும் நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒன்றில் க என்றால் கப்பல். இன்னொன்றில் ச என்றால் சங்கு. ந நண்டு, மீ மீன், ஆ ஆமை, அந்த ஆமைக்குப் பின்னால் அலை. கதைப் புத்தகத்தில் முயல் ஒன்று நிலாவைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகிறது.

“நான் பழவேற்காட்டுல பொறந்தவன்மா. கடல் இல்லாம எனக்கே ஒரு எழுத்தும் வராது போலக்கீது” என்றார் பாய். அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டே, “சுனாமிக்கு அப்பால எங்க தங்கச்சி ஊட்ல கடல் பக்கத்து ஜன்னலத் தொறக்கறதே இல்ல. காத்து வராம பேஜாரா கீதுன்னு பசங்க சொல்லும். தொறக்கமாட்டா” என்றார்.

கடைசியில் மிஞ்சியது ஒரு அரிச்சுவடி. மற்றதெல்லாம் அணில், இலை, ஊஞ்சல் என்று கரையிலேயே இருந்தது. ப மட்டும் படகு. நீலத் தண்ணீரில், பாய் விரித்த ஒரு மஞ்சள் படகு.

“இந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டா?” என்றார்.

திருப்பிப் பார்த்தோம். அதன் பின்பக்கத்தில் ம இருந்தது, மயிலோடு. ஒன்றைக் கிழித்தால் மற்றதும் போகும்.

“கிழிக்கவேண்டாம். தாயிட்டயே கேக்கிறன்” என்றேன்.

“அதான் சரி. அவங்க புள்ள, அவங்க இன்னா சொல்றாங்களோ அது” என்று, புத்தகத்தைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

தவமணியிடம் மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கத்தை விரித்துப் பார்த்தாள். வேண்டாம் என்று திருப்பித் தருவாள் என்று நினைத்தேன். அவளோ சோற்றுக் கஞ்சியைத் தொட்டு, ரோஜாப்பூப் போட்ட, குளிக்கிற சவர்க்கார உறை ஒன்றைப் படகின் மேல் ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். மறுநாள் பிரியா அதைப் பார்த்து “ப, பூ” என்று வாசித்தாள். பிழைதான். ஆனாலும் தவமணியின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவைக் கண்டேன். எழுத்தைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அலுமாரிகள் வந்தன. அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலாயுதம் ஐயா தினமும் மிளகாய்ப் புத்தகத்தோடு சண்டை பிடிப்பார். அதில் எழுதியிருக்கும் உரம் எல்லாம் பிழையாம். சுதன் தன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனான். அந்தப் புத்தகம் இன்றுவரை திரும்பி வரவில்லை. சில மாதங்களில் சுதனும் முகாமில் இல்லாமல் போனான். ஏதோ ஒரு கடற்கரையில் இருந்து ஏதோ ஒரு படகு என்று மட்டும் கேள்வி. அவனுடைய தாய் அறைக்கு வந்தால் அந்த அலுமாரிப் பக்கம் திரும்பமாட்டாள். நல்ல புத்தகத்தைத்தான் அவனுக்குத் தெரிவு செய்து கொடுத்தேனா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

சுதன் போவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன். மது ஒரு மூலையில் படித்துக்கொண்டிருந்தாள். வேலாயுதம் ஐயா ஜன்னல் வெளிச்சத்தில். பிரியா சுவரைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலை நாக்கில் தொட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ரோஜாப்பூவின் பாதி உரிந்திருந்தது. அடியில் மஞ்சள் தெரிந்தது. இது ஒருநாள் வேலையல்ல. ஓரங்களைப் பார்த்தால் பல நாளாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தவமணி மகளைக் கூப்பிட வந்துவிட்டாள். பார்த்தாள். பாய்ந்து வந்து புத்தகத்தைப் பறித்தாள்.

“விடுங்கோ அம்மா! அண்ணா உள்ளுக்க இருக்கிறான்!”

அந்தப் பிள்ளையிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. வேலாயுதம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். மது எழும்பி நின்றாள். தவமணி புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மகளையே பார்த்தாள், அண்ணன் என்ற சொல்லை இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்பதுபோல. பிறகு என்னிடம், “அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்றாள்.

குடிக்கக் கேட்கிறாள் என்று செம்பை நீட்டினேன். அவள் சேலைத் தலைப்பை அதில் நனைத்து, பிரியாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, மீதி உறையைத் துடைக்கத் தொடங்கினாள். பூ நார் நாராக வந்தது. அதோடு படகின் பாயும் உரிந்து போய்விட்டது. படகு மட்டும் மிஞ்சியது, ஆளில்லாமல். பிரியா குனிந்து மூக்கு படுமளவுக்கு அதைப் பார்த்தாள். யாரையும் காணவில்லை என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மது வந்து அவர்களுக்குப் பக்கத்தில் குந்தினாள். பிரியா அவளிடம் கேட்டாள்:

“அக்கா, இது அங்க போற போட்டா, இஞ்ச வாற போட்டா?”

“இங்க வர்றதுடா” என்றாள் என் மகள், யோசிக்காமல்.

“போறது” என்றாள் தவமணி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரியா படகின் ஒரு முனையில் விரலை வைத்தாள். பிறகு மறுமுனையில் வைத்தாள். வரைந்தவர் இரண்டையும் ஒரே மாதிரிக் கூராகத்தான் வரைந்திருந்தார். காற்று எந்தப் பக்கம் என்று காட்டியிருக்கக்கூடிய பாயும் இப்போது இல்லை. பிள்ளை புத்தகத்தைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நூலகத்தில் இருந்தவள் அல்லவா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். நானும் குனிந்து, அந்த ஈரப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.