மாமியும் நானும் ஒரே துண்டில் கட்டுண்டு மதுரைக்குப் போனது

அன்று கோயில் மண்டபத்திலிருந்து என்னை எழுப்பி நடக்கவைத்தது ஆண்டவரா, என் கழுத்துக்குள் இருந்த நோயா? ஆறு வருஷமாகிறது. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். வாசிக்கிற சகோதர சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இயல்பிலேயே பயந்தவள். ராமநாதபுரத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். சரியாக எழுதிய விடையையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன். இராமேஸ்வரம் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் குணம் மாறவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். மகள் ரோசலி பிறந்ததும், தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதனால் 1957-இல் எனக்கு நோய் வந்தபோது யாரும் அதை நோய் என்று நம்பவில்லை.

"நெஞ்சு படபடங்குது மாமி."

"உனக்கு என்னைக்குத்தான் படபடங்கல?"

மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, சொன்னதில் தப்பில்லை. ஆனால் இது வேறு படபடப்பு. கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மார்கழிப் பனியில் எல்லோரும் போர்த்திக்கொண்டு கிடக்க, நான் வியர்த்துப்போய் வாசலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். பசியோ பசி. சட்டியை வழித்துத் தின்றேன். தின்னத் தின்ன இளைத்தேன். வைத்தியசாலையில், "படிச்ச பொண்ணுங்களுக்கு வர்ற நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

கிணற்றடியில் பேச்சு கிளம்பியது.

"மூணு ஆள் சோத்தைத் திங்கிறா, ஈர்க்குச்சியா இருக்கா. அந்தச் சோறு எங்கனதான் போகுது?"

"முழியப் பாத்தீகளா? அது அவ முழியே இல்ல."

உண்மைதான். கண்ணாடியில் எனக்கே என் கண்கள் பயமாக இருந்தன. பிதுங்கி, இமைக்காமல் முறைத்தன. பேய் என்று முடிவாயிற்று. ரோசலிக்கு அப்போது பத்து மாதம். என் மடியிலிருந்து எடுத்துப் பாம்பனில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "பேய் இறங்கட்டும், பிள்ளை வரட்டும்" என்றார் மாமி. என் வீட்டுக்காரர், "அம்மா சொல்றதக் கேளு" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பால் கட்டி மார்பு வலித்தது. பிள்ளை இல்லை.

ரயிலேறிப் பாலத்தைத் தாண்டி, மதுரை ரோட்டோரம் இருக்கிற ஓர் அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு வழக்கம். பேய் பிடித்தவள் கிணற்றுக்கு ஓடிவிடக்கூடாதென்று, அவள் மணிக்கட்டையும் துணைக்கு வந்தவர் மணிக்கட்டையும் ஒரே துண்டால் கட்டிவிடுவார்கள். மாமியும் நானும் அப்படித்தான் தின்றோம், தூங்கினோம், கொல்லைக்குப் போனோம்.

பேய் விரட்டுகிறவர் வந்து என் முடியைப் பிடித்தார். "நீ யாரு? சொல்லு!"

"மரியசெல்வம். எட்டாங்கிளாஸ் பாஸ்."

"பாத்தியா, என்ன திமிரு அதுக்கு!"

அழுதால் பேய் அழுகிறது. வாயைத் திறக்காவிட்டால் பேய் ஒளிகிறது. சிரித்தால் கேட்கவே வேண்டாம். நான் என்ன செய்தாலும் அது நானில்லை.

அங்கே போய் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாளில், பீடத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டேன். அதுவரை சுகம் கொடும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அன்று கோபத்தோடு வேண்டினேன். "ஆண்டவரே, இன்றைக்கு நான் சுகம் கேட்கவில்லை. எனக்கு என்னவென்று சொல்லும். பேய் என்றால் பேய். பயம் என்றால் பயம், சுமந்துகொள்கிறேன். நோய் என்றால் அதற்கு ஒரு பேர் சொல்லும். பேர் தெரியாமல் என்னைச் சாகவிடாதேயும். அந்தோனியாரே, ஊரார் தொலைத்த சாவியையெல்லாம் தேடிக் கொடுக்கிறீரே, இதைத் தேட மாட்டீரா?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் எழுந்துவிட்டேன். யோசிக்கவில்லை. எதையும் இரண்டு தரம் யோசிக்கிற நான் அன்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்தேன். துண்டு இழுக்க, மாமியும் பின்னாலே ஓடிவந்தார். அவிழ்த்துவிட்டால் பேய் ஓடிவிடுமே என்கிற பயத்தில் முடிச்சில் கை வைக்கவில்லை.

கண்டக்டர் துண்டைப் பார்த்தார். "யாரு யாரப் பிடிச்சிட்டுப் போறீக?"

"மதுரை ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட்" என்றேன். மாமி திட்டிக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்தார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. "முதல்ல துண்டை அவிழுங்க."

"ஓடிப்போனா?"

"இந்த நிலைமையில இவ எங்க ஓடுவா?"

என் கைகளை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது பாய்மரத்துணி போலப் படபடத்தது. என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "பயந்தவங்க கை வேர்த்தாலும் சில்லுனு இருக்கும். இது வேர்த்திருக்கு, ஆனா அனலா இருக்கு." தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கழுத்தைப் பார்த்தார். பிறகு மாமியிடம் கேட்டார்: "தூங்கும்போது இவளுக்கு நாடி எப்படி இருக்குன்னு யாரும் பாத்திருக்க மாட்டீங்க, இல்லையா?"

"நான்தானம்மா பிடிச்சிருந்தேன்!" என்றார் மாமி. "இவ அசந்து தூங்குவா. கை நரம்பு மட்டும் திடுதிடுன்னு ஓடும். இவ தூங்குனாலும் அது தூங்கலன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா மாமியையே பார்த்தார். "பயம்னா தூக்கத்துல அடங்கியிருக்கும். இது அடங்கல. இவளுக்குப் பேயும் இல்ல, பயமும் இல்ல. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது அளவுக்கு மீறி வேலை செய்யுது."

தைராய்டு. எனக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. வாய்விட்டு அழுதேன். இந்த முறை அழுதது நான்தான்.

ஆஸ்பத்திரியில் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட்டேன், நடுவில் நிறுத்தாமல். சதை பிடித்தது, கை நடுக்கம் நின்றது. ரோசலி திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து வீறிட்டாள். நாத்தனார் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. என் மடியில் அவளாக வந்து உட்காரப் பல நாளாயிற்று. அந்த நாட்களை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

அந்தோனியாரை நான் குறை சொல்லவில்லை. வருஷாவருஷம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ஆனால் கட்டிவைத்தவர்களுக்கும் கட்டுண்டவர்களுக்கும் சொல்வேன்: வேண்டிக்கொண்டே வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. உங்கள் நோய்க்குப் பேர் கேளுங்கள். ஆண்டவரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார். என் சண்டையைக் கேட்டார்.

இப்போது ஒரு காரியம். எதிர்வீட்டு மருமகளுக்கு ஒரு குடம் தூக்கினாலே மூச்சு இரைக்கிறது. நாக்கு வெளுத்துக் கிடக்கிறது. பேய் என்று சொல்லி, ஈஸ்டர் பாஸ்குத் திருநாள் முடிந்ததும் அவளை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போகப் போகிறார்களாம். துண்டு தயாராக இருக்கிறது. நான் போய்ப் பேச வேண்டும். ஆனால் நோயோடு அந்தத் தைரியமும் போய்விட்டது. அவள் மாமியார் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன், ஒரு முறையல்ல. "நானும் வாரேன்டி, வேணும்னா நம்ம ரெண்டு பேர் கையையும் கட்டிக்குவோம்" என்கிறார் என் மாமி.

போகத்தான் போகிறேன். கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். ஆனால் அந்த அம்மாளிடம் முதல் வார்த்தையாக என்ன சொன்னால், கோபப்படாமல் இரண்டாவது வார்த்தையையும் கேட்பார்? உங்களில் யாருக்காவது தெரிந்தால், பாஸ்குவுக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.