தகரக் கூரைக்குக் கீழே

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் நாயை வெளியே கட்டிவிட்டு வேலைக்குப் போவதில்லை. பொகவந்தலாவை மலைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் அப்படி. முன்பு வளர்த்த கடுவன் நாயை வாசல் திண்ணையான இஸ்தோப்பிலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சங்கிலி மட்டும் கிடந்தது. அதனால் இந்தப் பெட்டைக் குட்டி வந்ததிலிருந்து, கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது அவளை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விட்டு, ஜன்னலையும் அடைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவோம். வெயிலுக்குப் பயப்பட எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஆளைக் கொல்வது குளிர்தான்.

அந்த மார்ச்சில் மழையே இல்லை. கொழுந்து கருகிக் கிடந்ததால் ஒரு நாள் மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வந்து கதவைத் திறந்தால் தகரக் கூரையின் அனல் முகத்தில் அடித்தது. பூட்டுச் சத்தம் கேட்டதுமே கதவைப் பிறாண்டுகிறவள், மூலையில் சரிந்து கிடந்தாள். நாக்கு முழுக்க வெளியே தொங்க, எச்சில் நூலாக வழிந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

நடுக்கத்தைக் கண்டால் மலைநாட்டுக்காரனுக்கு ஒரே புத்திதான். குளிர்காய்ச்சல் என்று வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்தினார். நான் அடுப்பு மூட்ட ஓடினேன். போர்த்தப் போர்த்த அவளுக்கு மூச்சு இன்னும் வேகமாக இரைத்தது. கண் நிலைகுத்தி நின்றது. கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிறுத்தை தூக்கியிருந்தால் சிறுத்தையைத் திட்டியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? பக்கத்தில் நின்ற மனுசனைத் திட்டித் தீர்த்தேன்.

என் கத்தலைக் கேட்டுப் பக்கத்துக் காம்பரா அக்கா ஓடிவந்தார். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவர். ஒரு பார்வை பார்த்தார். கம்பளியை இழுத்து எறிந்தார்.

"இது குளிரில்ல தங்கச்சி. வெக்கை தலைக்கேறிருச்சு. பீலிக்குத் தூக்குங்க."

லயத்துப் பீலிக் குழாயில் மலைத்தண்ணீர் விரல் தடிமனுக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றச் சொன்னார். வாயில் ஊற்றப்போன என் கையைத் தட்டிவிட்டார், புரையேறிவிடும் என்று. ஈரச் சாக்கால் மூடவும் விடவில்லை, சூடு உள்ளேயே நின்றுவிடும் என்று. வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றி விசிறினார், விசிறிக்கொண்டே அழுதார்.

"செத்துருவாளாக்கா?" என்றேன்.

அக்கா தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து வால் நுனி அசைந்தது. பிறகு அவளாகவே தலையைத் தூக்கிக் கல்லில் வழிந்த தண்ணீரை நக்கினாள். நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டவர், பிழைத்தது பெரிய காரியம், இனி தகரத்துக்குக் கீழே அடைத்துப் பூட்டவே கூடாது என்றார்.

சொல்லிவிட்டார். சிறுத்தைக்கு யார் சொல்வது?

அவள் தேறி, நாங்கள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் அக்காவுக்கும் வேலை. கடைசியில் கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு, நிழல் விழுகிற இஸ்தோப்பு மூலையில் ஈரச் சாக்கு விரித்து, கவிழாத கனத்த சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனோம். வீட்டில் திருட ஒன்றுமில்லை, அவளைத் தவிர.

மலையில் தேயிலை நிரை பிடித்து நின்றேன். கீழே லயத்தில் அவள் குரைத்தால் சிறுத்தையோ என்று கையை நிறுத்திக் கீழே பார்த்தேன். குரைப்பு நின்றால் வெயிலோ என்று பார்த்தேன். என் கூடையில் பாதி முற்றல் இலை என்று கங்காணி கத்தினாராம். பக்கத்து நிரைக்காரி சொல்லித்தான் தெரியும். என் காது லயத்தில் இருந்தது.